வக்கீல் சார், ஃபீஸ் எவ்வளவு?

கேட்கக் கூச்சப்படுகிறவர்தான் அதிகம் கொடுக்கிறார்!

கால் கிலோ கத்திரிக்காய் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்காக நடுரோட்டில் மல்லுக்கு நிற்கிறோம். ஜவுளிக்கடையில் 'ஒரே விலை' என்று போர்டு தொங்கினாலும், 'கொஞ்சம் பார்த்துப் போடுங்க' என்று சொல்லிப் பார்க்காமல் வருவதில்லை.

இப்படிப்பட்ட சூரப்புலிகள், வக்கீல் ஆபீஸ் வாசப்படியை மிதித்ததும் பூனைக்குட்டி ஆகிவிடுகிறோமே, ஏன்?

அலமாரி நிறையத் தலையணை சைஸில் புத்தகங்கள். ஆணியில் கறுப்புக் கோட்டு. எதிரே மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்க்கிற ஒரு ஜோடிக் கண்கள். தொண்டை அடைத்துக்கொள்கிறது.

"சார்... மொத்தமா எவ்வளவு ஆகும்னு..."

"அதெல்லாம் பார்த்துக்கலாம். முதல்ல இந்த வக்காலத்துல ஒரு கையெழுத்தப் போடுங்க."

போட்டுவிடுகிறோம். கோர்ட்டு விவகாரங்களில் இருப்பதிலேயே விலை உயர்ந்த வார்த்தை இந்தப் 'பார்த்துக்கலாம்'தான். மூன்று வருஷம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போதுதான் அது தெரியும்.

இன்னொரு ரகம் உண்டு. ஃபீஸுக்குப் பயந்து வக்கீல் பக்கமே போகாதவர்கள். இவர்கள் பாடுதான் ரொம்பப் பரிதாபம்.

ஆபீஸ் நண்பருக்கு நீங்கள் 2 லட்சம் ரூபாய் கைமாற்றுக் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொடுத்த செக் 'பணம் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. வங்கி தகவல் சொன்ன நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கிரிமினல் கோர்ட்டில் புகார் செய்யலாம். நீங்களோ, 'வக்கீல்னா ஆயிரக்கணக்கில் கேட்பாரே' என்று யோசித்து யோசித்து மாதத்தை ஓட்டிவிட்டீர்கள். செக்கின் மூன்று மாத ஆயுளும் முடிந்து போச்சு. போங்கள், அந்தக் கதவு மூடியாயிற்று! இனி சிவில் கோர்ட்டில் பண வழக்குப் போட வேண்டியதுதான். அதற்குக் கோர்ட்டுக் கட்டணமே 6,000 ரூபாய் ஆகும். வக்கீல் ஃபீஸ் தனி.

ஒரே ஒரு நோட்டீஸுக்கு என்ன கேட்பார் என்று ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் இந்த வினையே இல்லை.

விலைப்பட்டியல் ஏன் இல்லை?

சலூனில்கூடக் கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு என்று மாட்டியிருக்கிறார்கள். வக்கீல் ஆபீஸில் ஏன் மாட்டக் கூடாது?

மாட்ட விடமாட்டார்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் பிடிக்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. பெயர்ப் பலகைகூட அடக்கமான அளவில்தான் இருக்க வேண்டும். 'இன்ன கேஸில் ஸ்பெஷலிஸ்ட்' என்று அதில் போட்டுக்கொள்ள முடியாது. 2008-ல் கொஞ்சம் இரக்கப்பட்டு, இணையதளத்தில் பெயர், விலாசம், போன் நம்பர், படிப்பு, எந்தத் துறையில் வக்கீல் தொழில் என்பதை மட்டும் போட அனுமதித்தார்கள். ரேட்டு போடச் சொல்லவில்லை! 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத்தில் கடை விரித்து ஆள் பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவே போட்டது.

ஆக, ரேட்டைத் தெரிந்துகொள்ள இருக்கிற ஒரே வழி, வாயைத் திறந்து கேட்பதுதான். அதில் தப்பே இல்லை. 1926-ல் வந்த சட்டமே, ஃபீஸ் என்பது வக்கீலும் கட்சிக்காரரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்கிற ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டது. வக்கீலின் தகுதிக்கும் வழக்கின் தன்மைக்கும் ஏற்றபடி ஃபீஸ் இருக்க வேண்டும் என்கிறது பார் கவுன்சில் விதி. ஒப்பந்தம் என்றால் இரண்டு பேரும் பேச வேண்டும், இல்லையா? ஒருத்தர் பேசி இன்னொருத்தர் தலையாட்டினால் அதற்குப் பெயர் வேறு.

முதல் சந்திப்புக்கே ஃபீஸா?

மூன்று விதமாக நடக்கிறது.

சிலர் முதல் சந்திப்புக்குக் காசே வாங்குவதில்லை. சின்ன ஊர்களில் இது அதிகம். கேஸ் வந்தால் ஃபீஸ் வரும் என்ற கணக்கு.

சிலர் டாக்டர் மாதிரி. ஆலோசனைக்கு இவ்வளவு என்று உட்காரும்போதே சொல்லிவிடுவார்கள். 'சும்மா பேசத்தானே வந்தோம்' என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். வக்கீல் விற்பதே பேச்சும் யோசனையும்தான். 'இந்தக் கேஸ் நிற்காது, சமாதானமாகப் போய்விடுங்கள்' என்று அரைமணி நேரத்தில் சொல்லி அனுப்புகிறவர், உங்களுக்குப் பத்து வருஷத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்.

மூன்றாவது ரகம், ஆலோசனைக்கு வாங்கியதைக் கேஸ் எடுத்தால் மொத்த ஃபீஸில் கழித்துக்கொள்கிறவர்கள். இவர் எந்த ரகம் என்பதை நேரம் குறிக்கப் போன் செய்யும்போதே குமாஸ்தாவிடம் கேட்டுவிடலாம். "முதல்ல வந்து பேசறதுக்கு ஃபீஸ் உண்டாங்க? கேஸ் கொடுத்தா கழிச்சுக்குவாரா?" அவ்வளவுதான். குமாஸ்தா உங்களைக் கடித்துவிட மாட்டார்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பத்திரம், நோட்டீஸ், செக், கடிதம் என்று இருப்பதையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது என்று ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மச்சினன் கல்யாணத்தில் சண்டை ஆரம்பித்ததிலிருந்து கதை சொன்னால், ஓடுவது உங்கள் மீட்டர்!

எப்படி எப்படி வாங்குகிறார்கள்?

மொத்தமாக: கேஸ் முடியும்வரை இவ்வளவு என்று ஒரே தொகை, இரண்டு மூன்று தவணையில். கேட்க நிம்மதி. ஆனால் 'முடியும்வரை' என்றால் எதுவரை? கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு வரையா, அப்பீலும் சேர்த்தா? இதைக் கேட்காதவர், தீர்ப்பு அன்றைக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போய், அப்பீலுக்குப் புது ஃபீஸ் என்று கேட்டுவிட்டு, இனிப்பைச் சாப்பிடாமலே வருகிறார்.

வாய்தாவுக்கு இவ்வளவு: கையில் மொத்தப் பணம் இல்லாதவருக்கு இது சௌகரியம் மாதிரி இருக்கும். ஜட்ஜ் லீவு, எதிர்த்தரப்பு வரவில்லை, சாட்சிக்கு ஜுரம் என்று வாய்தா போய்க்கொண்டே இருந்தால்? வேலை நடக்காத வாய்தாவுக்கும் உண்டா என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

கட்டம் கட்டமாக: வழக்குத் தாக்கல் செய்ய ஒரு தொகை, சாட்சி விசாரணைக்கு ஒரு தொகை, வாதத்துக்கு ஒரு தொகை. வேலைக்கு ஏற்ற கூலி என்பதால் இரு தரப்புக்கும் மனஸ்தாபம் குறைவு.

தனித்தனி வேலைக்கு: ஒரு நோட்டீஸ், ஓர் ஒப்பந்தம், ஒரு 'லீகல் ஒபினியன்'. நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் அதிகமாக மாட்டுவது இந்தக் கடைசி ஐட்டத்தில்தான். ஃபிளாட் வாங்க வங்கியில் லோன் போடுகிறோம். வங்கியின் பட்டியலில் இருக்கும் வக்கீல் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்து ஒபினியன் தருகிறார். ஃபீஸ் நம் தலையில். 'அதான் வக்கீல் பார்த்துட்டாரே' என்று நாம் தூங்கிவிடுகிறோம். அவர் பார்த்தது வங்கியின் பணம் திரும்பி வருமா என்று! நம் நாற்பது லட்சத்துக்காக நம் சார்பில் பார்க்க ஒரு வக்கீல் வேண்டுமென்றால், அவரை நாம்தான் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இருபது வருஷம் தவணை கட்டப்போகிறவர் அந்தச் செலவில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது.

உயர் நீதிமன்றம்வரை போனால் 'சீனியர் வைக்கலாம்' என்பார்கள். கோர்ட்டால் சீனியர் என்று அறிவிக்கப்பட்டவர் நேரடியாக வக்காலத்துப் போட முடியாது. இன்னொரு வக்கீல் மூலமாகத்தான் வருவார். ஆகவே இரண்டு ஃபீஸ். 'அவசியமா, எத்தனை நாளைக்கு?' என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

ஃபீஸ் வேறு, செலவு வேறு

வக்கீலிடம் கொடுக்கும் பணம் எல்லாமே அவர் பைக்குப் போகிறது என்று நினைப்பது பாவம். கோர்ட்டுக் கட்டணம், எதிரிக்குச் சம்மன் அனுப்பப் பேட்டா, சான்றிட்ட நகல், டைப்பிங், ஜெராக்ஸ் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு 100 ரூபாய்க்கு ஏழரை ரூபாய் என்று இருந்த கோர்ட்டுக் கட்டணம் 2017-ல் 3 ரூபாயாகக் குறைந்தது. 5 லட்சம் ரூபாய்க்கு வழக்குப் போட்டால் 15,000 ரூபாய்.

இதில் ஒரு நல்ல செய்தி. வழக்கு நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் சமாதானமாகிவிட்டால் கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசித் தீர்த்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

எனவே 'ஃபீஸ் எவ்வளவு, செலவு எவ்வளவு' என்று தனித்தனியாகக் கேளுங்கள். கட்சிக்காரர் கொடுத்த பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. இன்னொன்று: கம்பெனி, வியாபாரம் என்று இல்லாமல் தனி ஆளாக உங்கள் சொந்த விஷயத்துக்குப் போகிற உங்களுக்கு, வக்கீல் ஃபீஸில் ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் 18 சதவிகிதம் சேர்த்திருந்தால், 'இது எதுக்கு சார்?' என்று பணிவாகக் கேட்கலாம்.

'வர்றதுல இவ்வளவு பர்சென்ட்'

விபத்துக் கேஸ்களில் காதில் விழும் வசனம் இது. 'இப்போ ஒண்ணும் தர வேணாம், நஷ்டஈடு வந்ததும் இருபது பர்சென்ட் கொடுத்துடுங்க.' அமெரிக்காவில் இது சகஜம். நம் நாட்டில் கூடவே கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ், கிடைப்பதில் பங்கு இரண்டுக்கும் தடை. 1954-லேயே சுப்ரீம் கோர்ட்டு இதைத் தொழில்முறைத் தவறு என்று சொன்னது.

அப்புறமும் நடக்கிறது. தெலங்கானாவில் 1998-ல் சாலை விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண் நஷ்டஈட்டுக்காகப் போராடினார். வக்கீலுக்கு 10 லட்சம் ரூபாய் போனது. போதாதென்று மேலும் 3 லட்சத்துக்கு ஒரு செக். 'கணக்கில் பணம் இல்லை என்று சொல்லியும் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்' என்பது அந்தப் பெண்ணின் வாதம். செக் திரும்பியது. வக்கீல் அவர் மீதே கிரிமினல் கேஸ் போட்டார்! 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கேஸை ரத்து செய்தது. கிடைத்த தொகையில் சதவிகிதம் வைத்துக் கேட்ட ஃபீஸ் சட்டப்படி செல்லாது, அதை வைத்துச் செக் கேஸும் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டது.

புரோக்கர் கமிஷன் என்று ஒரு தனிச் செலவும் உண்டு. கோர்ட்டு வாசலில் 'நல்ல வக்கீல் இருக்கார், வாங்க' என்று தோளில் கைபோடுகிற ஆசாமி சும்மா போடுவதில்லை. இது இன்று நேற்றைய வியாதி அல்ல. 1891-ல் பாரிஸ்டராகத் திரும்பிய காந்திஜிக்குப் பம்பாயில் கிடைத்த முதல் கேஸுக்கு ஃபீஸ் 30 ரூபாய். புரோக்கருக்குக் கமிஷன் கொடுக்கச் சொன்னார்கள். முடியவே முடியாது என்று மறுத்துவிட்டார். கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றபோது தலை சுற்றி நாக்கு ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லி, வாங்கிய ஃபீஸையும் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். அந்த வக்கீலுக்கு 51 ரூபாய். இதையெல்லாம் தன் சுயசரிதையில் அவரே எழுதிவைத்திருக்கிறார். செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது இன்று பார் கவுன்சில் விதி. அன்றைக்கு மகாத்மா அதை விதி இல்லாமலே செய்தார்.

கட்டைக் கொடுக்க மாட்டேன் என்றால்?

வக்கீலை மாற்ற நினைக்கிறீர்கள். 'பாக்கி ஃபீஸை வெச்சாத்தான் கேஸ் கட்டு' என்கிறார். மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கிக்கே இந்தக் கதி நேர்ந்தது. 97,100 ரூபாய் பாக்கி என்று சொல்லி அதன் வக்கீல் கட்டுகளைத் தராமல் வைத்துக்கொண்டார். 2000 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: கேஸ் கட்டு அடகுப் பொருள் அல்ல. ஃபீஸ் பாக்கி இருந்தால் வக்கீல் அதைச் சட்டப்படி தனியாக வசூலித்துக்கொள்ளலாம். கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது.

'கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போய்விடுவேன்' என்று மட்டும் மிரட்டாதீர்கள், சிரிப்பார். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் சுப்ரீம் கோர்ட்டு முடித்துவிட்டது. நீங்கள் போக வேண்டிய இடம், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் புகார் டெல்லிக்குப் போகும். ஆனால் புகாருக்கு ஆதாரம் வேண்டுமே? கையில் கொடுத்தேன், பையில் போட்டார் என்றால் யார் நம்புவார்கள்? ரசீது கேளுங்கள். கேட்கக் கூச்சமா? பணத்தை வங்கிக் கணக்கிலோ போன் மூலமோ அனுப்பிவிட்டு, 'இன்ன கேஸுக்கு அட்வான்ஸ் அனுப்பியிருக்கிறேன் சார்' என்று ஒரு வரி மெசேஜ் போடுங்கள். அதுவே ரசீது மாதிரி.

காசே இல்லையென்றால்?

1987-ல் சட்டம் இயற்றி, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானக் கணக்கே கேட்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஒவ்வொரு மாவட்டக் கோர்ட்டு வளாகத்திலும் ஆபீஸ் இருக்கிறது. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தும் கேட்கலாம். மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் அக்கா, ஜீவனாம்சக் கேஸுக்கு வளையலை அடகு வைக்கும் முன், தம்பிமார்கள் இந்த நம்பரைச் சொல்லித் தொலையுங்கள்!

அவர்கள் பக்கமும் கொஞ்சம்...

வக்கீல் என்றாலே பணம் கொழிக்கிறது என்பதும் பொய். 'ஜாமீன் வாங்கிக் கொடுங்க சார், அப்புறம் செட்டில் பண்றேன்' என்று காலில் விழுந்துவிட்டு, வெளியே வந்ததும் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போகிற கட்சிக்காரர்கள் உண்டு. அட்வான்ஸ் கேட்பது அதனால்தான். சீனியருக்குப் பின்னால் கட்டுத் தூக்கும் ஜூனியர்களின் நிலைமையைப் பார்த்துத்தான், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 ஜூனில் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுங்கள் என்று. சுற்றறிக்கை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். வெளிப்படையாகப் பேசினால் வக்கீலுக்கும் நிம்மதிதான்.

பர்ஸில் மடித்து வைத்துக்கொள்ள ஆறு கேள்விகள்:

1. இன்றைய ஆலோசனைக்கு ஃபீஸ் உண்டா? கேஸ் எடுத்தால் கழியுமா?

2. மொத்தமா, வாய்தாவுக்கா, கட்டம் கட்டமாகவா?

3. இந்தத் தொகை எதுவரைக்கும்? அப்பீல் சேர்ந்ததா?

4. கோர்ட்டுக் கட்டணம், மற்றச் செலவுகள் தனியாக எவ்வளவு வரும்?

5. கோர்ட்டுக்கு வரப்போவது நீங்களா, ஜூனியரா?

6. நடுவில் சமாதானமாகிவிட்டால் ஃபீஸ் என்ன ஆகும்?

இதற்கெல்லாம் முகம் கோணாமல் பதில் சொல்கிற வக்கீல் கிடைத்தால் தைரியமாக வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். 'என்னையே கேள்வி கேட்கறீங்களா?' என்று சீறுகிறவராக இருந்தால், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

'கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்' என்று நம் ஊரில் ஒரு சொலவடை உண்டு. அதைச் சொன்ன பெரியவர், முதல் நாள் ஃபீஸ் கேட்காமல் கையெழுத்துப் போட்டவராகத்தான் இருக்க வேண்டும்!